பொய்யும் மெய்யாகுமா?

பொய்யுரைத்தல் பாவம் எனச் சிறுவயது முதலே போதிக்கப்படுகின்றது. அவ்வாறாயின் நன்மை கருதி வாயில்லாச் சீவன்களை ஏமாற்றுவது தகுமா? இவ்வினாவுக்கு இடமளிக்கும் நிகழ்வொன்று அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கரையோரத்திலே நடந்தேறியது.

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘அபெக்ஸ் ஹியூஸ்டன்’ என்னும் எண்ணெய்க்கலம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கு நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. சரியாக மூடப்படாத வாயிலொன்றினூடாக ஏறத்தாழ 98,000 லீற்றர் மசகு எண்ணெய் கடலிற் கலந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டன. அவற்றுட் பெரும்பாலானவை ‘மர்’ எனப்படும் கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள். மர் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஆண்டுக்கு ஒரேயொரு முட்டையிடும். ஏலவே மீன்வலைகளிற் சிக்கி அருகியிருந்த இப்பறவைகள், ஏறத்தாழ 3,000 பறவைகள் வாழ்ந்த ‘டெவில்ஸ் சிலைட்’ பாறையிலிருந்து அடியோடு மறைந்தன.

வழக்கு 1994இல் தீர்ந்து, 64 இலட்சம் டொலர் இழப்பீடு கிடைத்தது. ஆனால் பணத்தைக் காட்டிப் பறவையை அழைக்க முடியுமா? தன் இனம் கூடியிராத பாறையில் மர் குடியேறத் தயங்கும். ஆகவே 1996இல் ஆய்வாளர்கள் பல நூறு பொய்ப் பறவைகளைப் பாறையில் நிறுத்தினர், கண்ணாடிகளை வைத்தனர், பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்க விட்டனர். பொய்ப் பறவைகளுக்குப் பாடசாலைப் பிள்ளைகளும் வர்ணம் தீட்டிக் கொடுத்தனர். அவ்வாண்டே ஆறு சோடிகள் அங்கு முட்டையிட்டன. பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகின. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் பொய்ப் பறவைகள் அகற்றப்பட்டன. மெய்ப் பறவைகள் நிலைத்தன.

இது வஞ்சகமா? வேடனும் பொய்ப் பறவையை வைத்தே பறவைகளை அழைக்கின்றான். “இங்கே பயமில்லை, வா” என்பதே இரண்டு அழைப்புகளின் பொருளும். வந்த பறவையை வேடன் கொல்கின்றான். அதனால் அவன் அழைப்புப் பொய்யாகின்றது. அவ்வாறெனில் ஆய்வாளரின் நல்லெண்ணம் மட்டும் அவர்களின் அழைப்பை மெய்யாக்கிவிடுமா? ஆக்காது. அழைத்த கடலில் மீண்டும் எண்ணெய் மிதந்தால், பாறையில் நின்ற உருவங்கள் வேடனின் உருவங்களே.

1953இல் அக்கடலில் மூழ்கிய ‘ஜேக்கப் லக்கன்பாக்’ என்னும் கப்பலிலிருந்து பல்லாண்டுகளாக எண்ணெய் கசிந்து பறவைகள் மடிந்து வந்தன. காரணம் 2002இல் கண்டறியப்பட்டது. அவ்வாண்டே மூன்று இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய் கடலடியிலிருந்து அகற்றப்பட்டது. பறவைகளுக்குக் கொடுத்த வாக்கை மெய்ப்பித்த செயல்களுள் இதுவும் ஒன்று.

சொல்லும் நேரத்தில் மட்டும் ஒரு சொல் பொய்யென்றோ மெய்யென்றோ முடிவாகிவிடுவதில்லை. அதைச் சொன்னவன் பின்பு நடந்து கொள்ளும் முறையும் அதைத் தீர்மானிக்கின்றது. தீங்கிழைத்தவன் இழப்பீட்டைச் செலுத்தியதும் கணக்குப் புத்தகத்தில் கடன் தீரலாம். “பயமில்லை, வா” என்று நம்ப வைத்து அழைத்த உயிருக்குப் பட்ட கடனோ, அது அங்கு அச்சமின்றி வாழும் காலமெல்லாம் காத்துச் செலுத்த வேண்டிய கடனாகும்.