உலையில் போடுமுன் ஒரு பிடி



இன்றைக்கு வாசிக்கக் கேட்டது முதலாம் ராஜாக்கள் 17-ஆம் அதிகாரம். மழை நின்றுபோன காலம். கேரீத் ஆறும் வற்றிவிட்டது. எலியா சீதோனைச் சேர்ந்த சாறிபாத்துக்கு வருகிறார். ஊர்வாசலில் ஒரு விதவை சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் கேட்கிறார், கொண்டுவரப் போகிறாள். போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டு அப்பமும் கேட்கிறார். அப்போதுதான் அவள் தன் வீட்டுக் கணக்கைத் திறக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அடுப்புக்கு இரண்டு விறகு. அம்மாவும் பிள்ளையும் கடைசியாக ஒருவேளை சாப்பிட அவ்வளவுதான்.

மாவு குறையாமல் இருந்த அற்புதத்தைப் பற்றி நானே இந்த மேடையில் மூன்று நான்கு முறை பேசியிருக்கிறேன். இன்று அதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எலியா கேட்டது மிச்சத்தை அல்ல. நீங்கள் சாப்பிட்டது போக இருந்தால் எனக்குக் கொடு என்று கேட்டிருந்தால் நமக்கு நியாயமாகப் பட்டிருக்கும். அவரோ முதல் அடையைத் தனக்குச் செய்துதரச் சொல்கிறார். பிறகுதான் அவளுக்கும் பிள்ளைக்கும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா ஒருமுறை கேட்டார்கள்: "ஐயா, இல்லாதவகிட்ட போய் இப்படிக் கேக்கலாமா? தீர்க்கதரிசியா இருந்தா மட்டும்?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஜெபித்துக் கூட்டத்தை முடித்துவிட்டேன். போதகர்களுக்கு அந்த வசதி உண்டு.

போன வருஷம் ஐஸ்வாலில் ஒரு சமையலறையில் அந்தக் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. மிசோரமின் தலைநகரான ஐஸ்வால் மலைச்சரிவில் அடுக்கிவைத்த ஊர். சாலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் மேல்மாடியில் நிற்போம். அடுப்படிக்குப் படி இறங்க வேண்டும். நான் தங்கிய வீட்டு அம்மாவை எல்லாரும் 'பி' என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்த பெண்களுக்கு அங்கே அதுதான் மரியாதை. விடியற்காலையில் அந்த அம்மா தொட்டியிலிருந்து அரிசி அளந்து பாத்திரத்தில் போட்டார். களைவதற்கு முன் அதிலிருந்தே ஒரு பிடி அள்ளிப் பக்கத்திலிருந்த தகர டப்பாவில் போட்டார். சாயங்காலச் சமையலுக்கும் அதே மாதிரி. பேச்சை நிறுத்தவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. நாம் தாளிக்கும்போது கடுகு எடுக்கிற மாதிரி கை தானாகப் போய்வந்தது.

இதற்கு அவர்கள் 'புஃபாய் தாம்' என்கிறார்கள். புஃபாய் என்றால் அரிசி, தாம் என்றால் கைப்பிடி. நம் பக்கத்துப் பிடியரிசிதான், அன்பானவர்களே. உங்கள் பாட்டி வீட்டிலும் இருந்திருக்கும். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அந்த மலைக்கு வந்தது 1894 ஜனவரி 11. எழுத்தே இல்லாத மொழிக்கு எழுத்து வகுத்தவர்கள் அவர்கள். 1897-இல் வேல்ஸ் நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து டி. இ. ஜோன்ஸ் வந்தார். 1910-இல் அங்குள்ள பெண்கள் பிடியரிசியைத் தொடங்கினார்கள். கையில் காசு புழங்காத வீடுகள். இருந்தது அரிசியும் காட்டு விறகும்தான். சாறிபாத் விதவையிடம் இருந்ததும் கிட்டத்தட்ட அதுவே. மறு வருஷமே, 1911-இல், மூங்கில் பூத்தது. மிசோரமில் அது ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை வரும் பஞ்சம், மௌதாம் என்பார்கள். மூங்கில் விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் வயலில் இறங்கி நெல்லை முடித்துவிடும். 1959-இல் வந்தது, 2007-இல் திரும்ப வந்தது. மூன்று மௌதாம் கடந்தும் டப்பா அடுப்படியில்தான் இருக்கிறது.

சபையின் வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளி. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நரைத்த தலைகளும் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படிக்கின்றன, பரீட்சையும் எழுதுகின்றன. பிறகு பகல் ஆராதனை, இரவும் ஆராதனை. கடைகள் மூடியிருக்கும். திங்கள் இரவு வாலிபர் கூடுகை. பெண்களுக்கென்று ஒரு நாள். புதன் இரவும் சனி இரவும் திரும்பச் சபை கூடுகிறது. பாட்டு என்றால் வேல்ஸ்காரர்கள் கற்றுக்கொடுத்த சோல்ஃபா முறையில் நாலு குரலில் பாடுவார்கள். அது முடிந்தால் 'குவாங்' என்ற மேளம். ஆரம்பத்தில் ஆலயத்துக்கு வெளியே நிறுத்திவைத்த மேளம் அது. எழுப்புதல் வந்த வேகத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வீட்டில் சாவு என்றால் வாலிபர்கள்தான் குழி வெட்டுகிறார்கள். அக்கம்பக்கமெல்லாம் இரவில் துக்க வீட்டில் கூடிப் பாடுகிறார்கள்.

ஒரு போதகருக்குப் பல சபைகள் என்பதால் நான் போன ஞாயிறு அந்தச் சபையின் போதகர் வேறு ஊரில் இருந்தார். வாரநாளில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ஒரு மூப்பர் பிரசங்கித்தார். மிசோ மொழி எனக்குப் புரியவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. (சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.)

இனி டப்பாவுக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருமுறை பெண்கள் சங்கத்திலிருந்து முறைவைத்து இரண்டு பேர் வீடு வீடாக வந்து அரிசியைச் சேர்த்துப் போகிறார்கள். அது விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகிறது. ஆரம்பத்தில் வேதாகமப் பெண்களின் சம்பளத்துக்கு உதவியது அதுதான். இதுவரை கேட்டபோது எனக்கு இது நல்ல காணிக்கைத் திட்டமாகத்தான் பட்டது. நம் பொருளாளருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். டப்பா குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்த அம்மாவின் மகள் மொழிபெயர்த்துச் சொன்ன பதில் இது: "குறைவாக இருந்தால், யாராவது ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்போம். காலியாக இருந்தால் கேட்கமாட்டோம். உள்ளே போய்ப் பார்ப்போம்."

எனக்குக் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. ஏனென்றால் அந்த நேரத்தில் நம் சபையின் ஒரு வீடு என் கண்முன் வந்து நின்றது.

அந்த வீட்டு அம்மாவின் அனுமதியோடுதான் சொல்கிறேன். தனியாக இருக்கிறவர். மகன் வெளிநாட்டில். ஐந்து ஞாயிறு ஆலயத்துக்கு வரவில்லை. நான் கவனித்தேனா? வழக்கமான இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். மகனிடம் போயிருப்பார் என்று என் மனமே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டது. சந்தாப் புத்தகத்தைப் புரட்டியபோது அவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது. மாதம் தவறாமல் மகன் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையும் வந்திருந்தது. கணக்கில் பார்த்தால் அவரைவிட ஒழுங்கான சபையார் கிடையாது. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிக் கொடுக்கும் இட்லியில் அவர் பத்து நாள் கிடந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுப்பு எரியவில்லை. எரியவில்லை என்று சொல்ல நம் சபையில் எந்தப் புத்தகத்திலும் ஒரு கட்டம் இல்லை.

யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, என் மேல்தான் சொல்கிறேன். மகன் செய்தது நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பலாம். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்க, ஆள் அந்த அடுப்படியில் நிற்க வேண்டும்.

இப்போது சாறிபாத்துக்குத் திரும்புங்கள். அந்த அதிகாரத்தை மாவோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் நாம் செய்கிற தவறு. அடுத்த பகுதியில் அந்தப் பிள்ளை நோயில் விழுகிறான், மூச்சு நின்றுபோகிறது. அப்போது எலியா எங்கே இருக்கிறார்? அந்த வீட்டிலேயே, மேல்வீட்டு அறையில். தாயின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிப் படியேறித் தூக்கிக்கொண்டு போகிறார். ஊர்வாசலில் தண்ணீர் கேட்டு நின்ற அந்நியன், முதல் அடையைக் கேட்டு வாங்கியதால்தான் அந்த வீட்டில் குடியிருக்கிறவனானான். மிச்சத்தைக் கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். பிள்ளை விழுந்த அன்று அந்த விதவை தனியாக இருந்திருப்பாள். இல்லாதவளிடம் கேட்கலாமா என்று கேட்ட அக்கா இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். அக்கா, கேட்டவர் அந்த வீட்டிலேயே தங்கினார். கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களுக்கு அந்த வசனத்தை எடுத்துச் சொல்ல உரிமை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் சபைக்கும் பிரஸ்பிட்டேரியன் வேர் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக வந்தவர்கள் நாம். 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையானோம். 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபை. பிஷப் வந்தார், பெயர் மாறியது. பிரஸ்பிட்டேரியன் என்ற சொல்லே மூப்பர் என்பதிலிருந்து வந்ததுதான். எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசிய பவுல், தான் வீடு வீடாகப் போய் உபதேசித்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறார். பழைய ஸ்காட்லாந்தில் திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் வீடுகளைச் சந்தித்து, பந்தியில் சேரத் தகுந்தவர்களுக்கு ஒரு சின்ன ஈய வில்லை கொடுப்பார்கள்; அதைக் காட்டித்தான் பந்தியில் உட்கார வேண்டும். அந்த முறையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. போலீஸ்காரர் மாதிரி நடந்துகொண்ட மூப்பர்களும் இருந்திருக்கிறார்கள். யார் வீட்டில் சண்டை, யார் ஓய்வுநாளில் வேலை செய்தார் என்று எழுதிவைத்த பதிவேடுகள் ஏராளம். ஆனாலும் அந்த வில்லையைத் தர ஒரு ஆள் கதவைத் தட்டியாக வேண்டியிருந்தது.

மிசோரமையும் நான் பொன்னாக்கிச் சொல்லப்போவதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அரிசி சேர்த்த பெண்களுக்கு மூப்பர் இருக்கையில் இடம் கிடைப்பது அங்கே எளிதாக இருந்ததில்லை. வீடு வீடாகப் போய்க் காலி டப்பாவைப் பார்த்து உள்ளே நுழைகிறவர்தான் என் கணக்கில் மூப்பர். அந்தக் கணக்குப்படி அந்தச் சபையில் நிறைய மூப்பர்கள் இருக்கிறார்கள், பெஞ்சு மட்டும் சின்னது.

அடுத்த மாதம் நமக்குச் சபைக் கமிட்டித் தேர்தல். நோட்டீஸ் இன்னும் அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். நிற்க விரும்புகிறவர்கள் என்னைப் பார்க்க வரும்போது ஒன்றே ஒன்று கேட்பேன். உங்கள் தெருவில் நம் சபையார் எத்தனை வீடு, அதில் இந்த வாரம் எந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போனீர்கள்? வராந்தா கணக்கில் வராது.

ஆலயக் கதவோரம் பெஞ்சின் மேல் அறுபது பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. ஊறுகாய் டப்பாதான், கழுவிக் காயவைத்தது, வாலிபர்கள் சேகரித்தார்கள். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். சமைக்கிறவர் யாரோ அவர்தான் பிடி எடுக்க வேண்டும். ஆண்கள் சமைக்கிற வீடு இருந்தால் இன்னும் நல்லது. ரேஷன் அரிசியானாலும் சரி, பொன்னியானாலும் சரி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டிரண்டு பேராக வருவோம். முதல் மாதம் நானும் வருகிறேன். அரிசி குறைவாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு யாரும் கடையிலிருந்து வாங்கி ரொப்பி வைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

விழுந்து எழுந்த அந்த அம்மா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். நேற்று அவருக்கு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் ஒருவேளைதான் பொங்குறேன் ஐயா, என் கையும் சின்னது, ஏழு பிடி சேர்ந்தா என்ன பெரிசா வந்துடும்?" என்றார். சனிக்கிழமை அவர் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏற முடிந்தவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.