39 வெள்ளி பாட்டில்

இந்த மாதம் ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

நண்பன் ஒருவனுக்கு வேலை நிரந்தரமானது. ஷா ஆலாமில் அவன் வீட்டில் ஆறு பேர் கூடினோம். எல்லாருக்கும் 25 வயதுக்கு மேல். சாப்பாடு முடிந்ததும் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சிலி நாட்டு சிவப்பு வைன். பேரங்காடியில் மலிவு விற்பனையில் 39 வெள்ளி.

“எனக்கு வேண்டாம்டா,” என்றேன்.

“டேய் மச்சான், இது என்ன சம்சுவா? வைன்டா! கிளாஸ் ஐட்டம். ஒரு வாய் குடிச்சுப் பாரு.”

குடித்தேன். மறைக்க விரும்பவில்லை. சீனி போடாமல் ரொம்ப நேரம் ஊறிப்போன தே-ஓ மாதிரி ஒரே துவர்ப்பு. அது திராட்சைத் தோலிலிருந்து வருவது. தேயிலையின் துவர்ப்பும் அதே வகைதான். கூடவே புளிப்பு. தொண்டையில் லேசான எரிச்சல். ‘இதுக்கா இவ்வளவு பேச்சு?’ என்று மனசு சொன்னது. வாய் சொன்னது வேறு: “ம்ம், நல்லாத்தான் இருக்கு!”

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு வாய் வைனைவிட அந்த ஒரு பொய்தான் உறுத்தியது. பிடிக்காததை ஏன் பிடித்தது என்று சொன்னேன்?

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்த காலம். சம்பள நாளில் பாட்டி, கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் காத்து நிற்பாராம். பணம் கள்ளுக்கடைக்குப் போகும் முன்னே கையில் வாங்கிவிட வேண்டும் அல்லவா? பல மாதம் பாட்டி தோற்றுத்தான் வீடு திரும்பியிருக்கிறார். இன்றும் எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே சொல்தான்: ‘குடிகாரர்.’ அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தாத்தா குடித்தால் குடிகாரர். பேரன் குடித்தால் கிளாஸா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு வைனில் மது ஏறத்தாழ 13 விழுக்காடு. 750 மில்லி பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட 97 மில்லி சுத்தமான மது இருக்கிறது. ஆறு டின் பீரில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தாத்தா குடித்த கள்ளின் கடுமை பெரும்பாலும் வைனில் பாதிகூட இருக்காது. அதாவது, நாம் கேவலமாகப் பேசும் கள்ளைவிட நாம் படம் பிடித்துப் போடும் வைன்தான் கடுமையானது. மாறியது லேபிளும் கிளாசும் மட்டும்தான்.

இங்கேதான் என் கேள்வி. குடிப்பது தவறு என்றால், சிலியிலிருந்து வந்ததால் அது சரியாகிவிடாது. அளவோடு குடித்தால் தவறில்லை என்று சொன்னால், மரம் வெட்டி உடம்பு வலிக்க இரண்டு மங்கு கள் குடித்தவர்களை இத்தனை வருடம் நாம் இகழ்ந்தது எந்த நியாயத்தில்? குடியை வெறுத்தோமா, ஏழ்மையை வெறுத்தோமா? இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும்: ஒன்று அந்தக் கிளாஸ், இல்லையென்றால் அந்த இளக்காரம்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் கேட்டான்: “நம்ம முனீஸ்வரனுக்கே பீர் படைக்கிறாங்களே?” நல்ல கேள்விதான். படையல் சாமிக்குப் பயந்து வைப்பது. அன்றைக்கு நான் குடித்தது யாருக்குப் பயந்து? ‘பட்டிக்காட்டான்’ என்று சிரித்துவிடுவார்களோ என்று உங்களுக்குப் பயந்துதானே! சாமிக்குப் பயப்படுவதில் ஓர் அர்த்தம் உண்டு. கிண்டலுக்குப் பயப்படுவதில் என்ன இருக்கிறது?

இன்னொருவன், “வைன் இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே,” என்றான். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதோடு, அன்றிரவு எங்களில் இருவர் காரோட்டித்தான் வீடு திரும்பினார்கள். இந்த நாட்டில் போதையில் வண்டி ஓட்டினால், முதல் முறையே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம். ஓர் உயிர் போயிருந்தால் அதற்கு விலையே கிடையாது.

திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’யை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில், ‘சூது’ அதிகாரத்துக்கு முன்னால் வைத்தார். பாவம், நரகம் என்ற பயமுறுத்தலைவிட, மதிப்பும் அறிவும் வாழ்க்கையும் கைநழுவிப் போகும் என்ற கவலையே அதில் எனக்குத் தெரிகிறது. அறிவு நம் கையில் இருக்க வேண்டும். அதை இன்னொன்றின் கையில் கொடுக்கக் கூடாது. அது கள்ளாக இருந்தாலும் சரி, நண்பர்களின் கைதட்டலாக இருந்தாலும் சரி.

நம் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில் ‘தொண்டர் படை’ இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், போலீசையும் எதிர்கொண்டார்கள். அவர்களும் நம்மைப் போன்ற இளைஞர்கள்தான். பட்டம் இல்லை, கார் இல்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்பதை உரக்கச் சொல்லத் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு வரவேற்பறையில், ஐந்து நண்பர்களுக்கு நடுவில், அதைச் சொல்லி நிலைத்து நிற்க முடியவில்லை.

நான் இப்போது இரண்டையும் விட்டுவிட்டேன். அந்தக் கிளாசையும், தாத்தாமேல் இருந்த இளக்காரத்தையும். போன வாரம் பாட்டியிடம் முதல் முறையாகக் கேட்டேன்: “தாத்தா நல்லா பாடுவாராமே, பாட்டி?” பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: “குடிக்காத அன்னைக்கு ரொம்ப நல்லா பாடுவாருய்யா.”

அடுத்த முறை யாராவது உங்கள் முன் ஒரு பாட்டிலை வைத்தால், விலையைப் பார்க்காதீர்கள், எந்த நாடு என்றும் பார்க்காதீர்கள். ‘இது வேண்டும் என்று சொல்வது நானா, என் பயமா?’ என்று ஒரு நொடி கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும்.