மீதி 55

அகில இந்திய பார் தேர்வில் 100 கேள்விகள். பொதுப் பிரிவில் 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. மீதி 55 தவறாக இருக்கலாம். எந்த 55 என்று யாரும் கேட்கமாட்டார்கள். குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம், புரட்டிப் பார்க்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. இந்தத் தாராளத்தைப் பற்றி ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னால். மாடி அறைகள் இரண்டையும் கம்பெனி வேலைக்கு வரும் பெண்களுக்கு அம்மா வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் சட்டம் படித்து முடித்து, பதிவு செய்து, பார் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில் அவர்கள் என்னை ‘வக்கீலக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஒருத்தி, படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்.

“அக்கா, லைன்ல ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டா எவ்ளோ நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்?”

“மூணு மாசம்.”

“நாலு மாசம் ஆயிடுச்சுன்னா?”

“அப்ப டைம் முடிஞ்சிடுச்சே.”

“சரிக்கா” என்று மேலே போனாள். இரண்டு வாரத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

என் நோட்டில் இருந்தது ஒற்றை வரி: ‘பிரிவு 9, புகார், 3 மாதம்.’ பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு அது. தேர்வுக்கு அந்த வரி போதும். இரண்டரை மாதம் கழித்து முழுச் சட்டத்தையும் எடுத்துப் படித்தபோதுதான் அந்தப் பிரிவு அங்கே முடியவில்லை என்று பார்த்தேன். குறித்த காலத்துக்குள் புகார் தரமுடியாதபடி சூழ்நிலை அந்தப் பெண்ணைத் தடுத்தது என்று உள்ளகக் குழுவுக்குத் திருப்தி ஏற்பட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, இன்னும் 3 மாதம் வரை காலத்தை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத்தில் கொடுக்கக் குழுவே உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான் அதைப் படித்த நாளில் அவளுக்கு ஆறு மாதமும் கடந்திருந்தது.

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். “நீ அவளோட வக்கீலா? ஃபீஸ் வாங்கினியா? படியில உக்காந்து பேசினதுதானே?” அவர்கள் சொன்னதில் ஒரு உண்மை உண்டு. அந்தக் குழுவின் விசாரணையில் எந்தத் தரப்பும் தனக்காக வழக்கறிஞரைக் கொண்டுவர விதி அனுமதிப்பதில்லை. கறுப்புக் கவுனோடு நான் அவளுடன் போயிருக்க முடியாது. ஆனால் அதனாலேயே என் குற்றம் கூடுகிறது என்று நினைக்கிறேன். அவளுக்கு என்னால் ஆகக்கூடியது படியில் உட்கார்ந்து சொல்லும் அந்த ஒரு பதில் மட்டும்தான். ‘வக்கீலக்கா’ என்ற பேரை நான் மறுக்கவில்லை. பேரை வாங்கிக்கொண்டவள் அதன் பாரத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தேர்வு இன்னும் கடினமாக இருக்க வேண்டுமா? பெண்களுக்குத் தகுதித் தேர்வுகள் மேல் சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. 1916இல் ரெஜினா குஹாவை வழக்கறிஞராகப் பதிவு செய்ய கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921இல் பாட்னா உயர் நீதிமன்றம் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கு அதையே செய்தது. இருவருமே சட்டப் பட்டம் பெற்றவர்கள். பெண் என்பதே தடை என்ற நிலை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. இன்று தடை வேறு வடிவில் வருகிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பொதுப் பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பார் கவுன்சில்கள் அதைப்போல் பல மடங்கு வசூலித்துவந்தன. அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் சொன்னது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டுதான். சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் காத்திருக்க முடிந்தவர்களுக்கான தொழிலாகவே இது இருந்திருக்கிறது. மாடியில் இருக்கும் பெண்களில் யாருக்கு அது முடியும்?

இருந்தாலும், தேர்வை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலைத் திறந்து வைப்பது உள்ளே வருகிற எனக்கு நியாயம். நான் உள்ளே வந்தபின் என் அரைகுறை அறிவை நம்பி வருகிற பெண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. முதல் நியாயத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான் பிழை செய்தது இரண்டாவதில்.

அந்தப் பிழையை எந்தத் தேர்வும் பிடித்திருக்காது. ‘புகார் தர எவ்வளவு காலம்?’ என்று கேட்டிருந்தால் ‘3 மாதம்’ என்று குறித்து மதிப்பெண் வாங்கியிருப்பேன். நான் விட்டது ஒரு வரியை மட்டுமல்ல, ஒரு கேள்வியையும். “ஏன்மா நாலு மாசம் ஆச்சு?” என்று அவளிடம் கேட்கவேயில்லை. பயமா, வேலை போய்விடும் என்றா, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டம் அந்தக் காரணத்தைக் கேட்கத் தயாராக இருந்தது. கேட்காதவள் நான்.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தடுமாறினேன். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும், அவளுக்கு ஏறும். சொல்லாவிட்டால், தானே தாமதித்துவிட்டோம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்றேன். போலீசுக்குப் போகும் வழி இன்னும் இருக்கிறது என்றேன். “இப்ப சொல்லி என்னக்கா பண்றது” என்றாள். போலீஸ் வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

பார் தேர்வில் தேறிவிட்டேன். இப்போது மாடியில் வேறு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் வக்கீலக்கா என்கிறார்கள். ஏதாவது கேட்டால், “இரு, பார்த்துச் சொல்றேன்” என்று புத்தகத்தை எடுத்துவருகிறேன். புரட்டுவதற்கு முன்னால், என்ன நடந்தது என்று கேட்கிறேன். பிரிவு 9ஐ முழுதாகத் தமிழில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையையும் சொல்கிறேன், அவள் பேரைச் சொல்லாமல்.