தொண்டும் கடனும்



உங்கள் பிள்ளை படிக்கும் ஆரம்பப் பாடசாலையிலிருந்து சிரமதான அறிவித்தல் வந்தால் உங்கள் மனதில் முதலில் எழும் எண்ணம் என்ன? "போனால் புண்ணியம்" என்பதா? "போகாவிட்டால் அதிபர் என்ன நினைப்பார்" என்பதா? அல்லது "சம்பளம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்பதா? இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. பொதுவான ஒன்றுக்கு நாம் கொடுக்கும் உழைப்பு தருமமா, கடமையா?

இதைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது என் சொந்தப் பிழை ஒன்றுதான்.

நான் குருவாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. படுவான்கரையிலே ஒரு சிறு பாடசாலை. மாரி மழை விட்டபோது வளவெங்கும் முழங்காலளவு புல் வளர்ந்திருந்தது. வேலி சரிந்து மாடுகள் உள்ளே நின்றன. ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைத்தோம். பெற்றாரில் பாதிப் பேரே வந்தார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், வராத வீட்டுப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னேன். மற்றவர்களுக்கு ஒரு பாடமாகட்டும் என்பது என் எண்ணம். அவர்களிலே மூன்றாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் மறுநாள் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வீடு தேடிப் போனேன். தாய் அப்போதுதான் வயலால் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். "சுவாமி, இது வேளாண்மை வெட்டு நாள். அண்டைக்குக் கூலிக்குப் போகாட்டி ஒரு கிழமைக்கு வீட்டில அரிசியில்ல. பள்ளிக்கூடத்தில எனக்கு அக்கறையில்லையெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். சொன்னவன் நானேதான், வாயினால் அல்ல, அவருடைய பிள்ளையை எழுப்பி நிறுத்தியதால். மன்னிப்புக் கேட்டேன். பையன் மறுநாள் வந்தான். அந்தத் தாயின் கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

என் பிழை எங்கே இருந்தது? சிரமம் என்றால் உழைப்பு, தானம் என்றால் கொடை. 1958ஆம் ஆண்டு ஏ. டி. ஆரியரத்ன என்னும் ஆசிரியர் தம் நாளந்தாக் கல்லூரி மாணவரைக் கனதொளுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று உழைக்கச் செய்தார். அந்த முயற்சியிலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. சிரமதானம் என்ற சொல்லும் நாடெங்கும் பரவியது. நானோ அந்த வேலையைத் தானம் என்று அழைத்துவிட்டு, வரியைப் போல அறவிடப் பார்த்தேன். கேட்டு வாங்கும் தானம் தானமாகாது. கொடுக்க இயலாதவரிடம் அறவிடும் வரி நீதியும் ஆகாது.

வள்ளுவர் இதைக் கூர்ந்து பார்த்தவர். ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்த அவர், அதற்கு முன்னதாக, 22ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதலைத் தனியே வைத்தார். ஈகை என்பது உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு அப்படியன்று, எல்லாருக்கும் பொதுவானதை அறிந்து, அதற்கு ஏற்ப நடப்பது. பாடசாலைக்கு நாம் செய்யும் வேலை ஒப்புரவைச் சேர்ந்தது. நம்முடைய வளவை நாம் துப்புரவாக்கிவிட்டு யாருக்கும் உபகாரம் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

பாடசாலை நம்முடையதுதான் என்பதற்கு நம் வாவிக்கரையின் வரலாறே சாட்சி. 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் போதகர் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கினார். நமது புனித மிக்கேல் கல்லூரியிலே கற்ற சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்று நடந்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. அதன்பின் "இனி எல்லாம் அரசாங்கம் பார்க்கும்" என்ற மனப்பான்மை நம்மிடையே புகுந்தது. ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி கூரைகளைப் பிடுங்கியெறிந்தபோதும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோதும் என்ன நடந்தது? சனம் பாடசாலைகளிலே ஒதுங்கியது. அப்போது எவரும் இது அரசாங்கத்தின் கட்டடம் என்று தயங்கவில்லை. ஆபத்திலே நம்முடையது என்று ஓடிச் சேர்ந்த இடம், புல் வளர்ந்தவுடன் பிறருடையது ஆகிவிடுமா?

ஆகவே இது கடமைதான். ஆனால் கடமையின் அளவு எல்லாருக்கும் ஒன்றல்ல. ஒருவருக்கு அரை நாள் என்பது ஓய்வு நேரம். இன்னொருவருக்கு அதுவே அன்றைய சோறு. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசு போட்ட கைம்பெண்ணை நாம் அறிவோம். அவளுடைய கொடையை ஆண்டவர் அளந்தது அவளுடைய இல்லாமையைக் கொண்டே. நான் எழுதிய வராதோர் பட்டியலுக்கு அந்த அளவு தெரிந்திருக்கவில்லை.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். போர்க்கால ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் பற்றாக்குறை மிகுந்திருந்தது. அப்போது அந்தந்த ஊர் இளைஞரும் யுவதிகளும் தொண்டர் ஆசிரியராக வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். சிலருக்குச் சிறு கொடுப்பனவு கிடைத்தது, பலருக்கு அதுவுமில்லை. 2009இல் போர் முடிந்தபின் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரங்களில் பதாகை பிடித்து நின்றார்கள். "தொண்டு என்று வந்தவர்கள் ஏன் கூலி கேட்கிறார்கள்?" என்று சிலர் முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அன்பர்களே, அது அநீதியான பேச்சு. கொடுத்தவர் தம் கொடையை மறந்துவிடலாம். அது அவருடைய பெருந்தன்மை. பெற்றவர் மறக்கலாகாது; மறந்தால் அது நன்றிகேடு. ஒருவர் கேட்காததால் நம் கடன் தீர்ந்துபோவதில்லை. மண்வெட்டி எடுத்துப் புல் செருக்குவது அயலவரின் வேலை. அதைக் கூடிச் செய்யலாம். பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காகப் படிப்பிப்பதோ ஒரு பதவி. அதற்கு ஊதியம் உண்டு. தியாகம் என்ற அழகிய சொல்லால் அந்த ஊதியத்தை மூடிவிடுவது, கொடுக்க வேண்டியவருக்கு வசதியாகவே முடியும். நாம் தோள் கொடுத்தால் அரசு கைகட்டி இருந்துவிடும் என்று அஞ்சுவோருக்கும் இதுவே பதில்: கை வேலை செய்யட்டும், வாய் உரிமையைக் கேட்டுக்கொண்டேயிருக்கட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்போருக்குச் சில வார்த்தைகள். சிரமதான நாளைக் குறிக்குமுன் கூலிக்குப் போகும் தாய்மாரிடமும், இரவு முழுவதும் தோணியில் இருந்து விடியலில் கரைசேரும் தகப்பன்மாரிடமும் கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வருபவரையும் வந்தவராகவே எண்ணுங்கள். வராதோர் பெயரை வாசிக்காதீர்கள். ஊரார் ஒருவர் வகுப்பெடுத்து உதவினால், அவருடைய வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரின் இயலாமைக்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். வளவிலே புல் மறுபடியும் முளைக்கும். அடுத்த சனிக்கிழமை செருக்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் மனதில் நாம் வெட்டிய வெட்டு அத்தனை இலகுவில் ஆறாது.