வாசலண்டை நின்ற அப்சலோம்



வாழ்க்கையில முன்னேறணும்னா படிப்பு மட்டும் போதாது, கோபத்தை அடக்கத் தெரியணும், அடுத்தவன் மனசைப் புரிஞ்சுக்கத் தெரியணும் என்று கம்பெனிகளில் வகுப்பே நடத்துகிறார்கள். எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று இதற்குப் பெயர். உணர்வுகளைக் கையாளுகிற அறிவு என்று சொல்லலாம். 1990-ல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற மனோதத்துவ அறிஞர்கள் இதைப்பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995-ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இதை உலகமெங்கும் பரப்பியது. நல்ல விஷயம்தான். நம்ம வீடுகளில் பாதிச் சண்டை நாவை அடக்கத் தெரியாததினால்தானே வருகிறது!

ஆனால் ஒரு கேள்வி. இந்த அறிவு உள்ளவன் நல்லவனாகத்தான் இருப்பானா?

அப்சலோமைப் பாருங்கள். தன் சகோதரி தாமாரை அம்னோன் கெடுத்தான். தகப்பனாகிய தாவீது கோபப்பட்டதோடு சரி. அப்சலோமோ கத்தவில்லை, கை ஓங்கவில்லை. இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை! எவ்வளவு அடக்கம் பாருங்க. பிறகு ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்துக்கு அம்னோனை வரவழைத்து, ஆட்களை விட்டுக் கொன்றுபோட்டான்.

அதோடு நின்றதா? பிற்பாடு விடியற்காலமே எழுந்து வாசலுக்குப் போகிற வழியோரத்தில் நிற்பான். ராஜாவிடம் வழக்கோடு வருகிறவனைக் கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரிப்பான். "உன் பக்கம்தான் நியாயம், கேட்கத்தான் ஆளில்லை" என்கிற விதமாய்ப் பேசுவான். வணங்க வந்தவனைக் கைபிடித்து முத்தமிடுவான். தூரத்து ஊரிலிருந்து களைத்து வந்தவனுக்கு அது எவ்வளவு இதமா இருந்திருக்கும்! ஆனால் அந்த ஏழையின் வழக்கு என்ன ஆச்சு? ஒன்றையாவது அவன் தீர்த்துவைத்ததாக நாம் வாசிக்கிறதில்லை. வந்தவனுடைய வேதனை அவனுக்கு ஏணி, அவ்வளவுதான். அந்த ஏணி அவனை ஏற்றியும் விட்டது. எப்ரோனிலே அவன் ராஜாவானான். தாவீது எருசலேமை விட்டு ஓடினான்.

இப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் ஆபீசிலும் உண்டு, குடும்பத்திலும் உண்டு. சபையில் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்க கஷ்டத்தை உங்களைவிட நல்லா சொல்லுவாங்க. உங்களுக்காக ஒரு எட்டு நடந்து வருவாங்களா என்றால், அதுதான் இல்லை.

ஓடிப்போகிற வழியில் தாவீதும் கோபத்தை அடக்கினான். சீமேயி என்பவன் கல்லெறிந்து தூஷிக்கிறான். அவன் தலையை வாங்குகிறேன் என்று அபிசாய் கிளம்புகிறான். தாவீது தடுத்துவிட்டான். பெற்ற மகனே உயிரைத் தேடும்போது இவனைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தான். அதனால் அவனுக்கு எந்த லாபமும் வரவில்லை. கல்லும் மண்ணும் வழியெல்லாம் விழுந்துகொண்டேதான் இருந்தது. இரண்டுபேரும் செய்தது அடக்கம்தான். அப்சலோமுடைய அடக்கத்துக்குள்ளே ஒரு கத்தி இருந்தது.

சாகிற நாட்களில் சீமேயியைக் குறித்துச் சாலொமோனிடம் தாவீது சொன்னது என்ன என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடக்கின கோபமெல்லாம் மன்னித்த கோபமா என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.