பிறர் உயிரை வைத்துச் செய்த சமரசம்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை எழுத 1787ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் 55 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் அது தவறென்று யாருக்கும் தெரியாது என்று சொல்லி அவர்களைக் காப்பாற்ற முடியாது. ஆகஸ்ட் மாத விவாதத்தில் பென்சில்வேனியாவின் கூவெர்னர் மோரிஸ் அடிமை முறையை வானத்தின் சாபம் என்று கடிந்து பேசினார். தாமே பல அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன்கூட, அடிமை வணிகம் ஒரு நாட்டின் மேல் தெய்வத் தண்டனையைக் கொண்டுவரும் என்று எச்சரித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அவையினர் அடிமை முறைக்கு இடம்கொடுத்த விதிகளை எழுதினார்கள்.

அடிமைகளை ‘ஐந்தில் மூன்று பங்கு மனிதராக’ மதித்தார்கள் என்ற அளவில்தான் பலரும் இதை அறிவார்கள். உண்மை அதைவிடக் கொடியது. அடிமைகளை முழுத் தலைகளாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை உடைமையாளர்கள்தான். எண்ணவே கூடாது என்றவர்கள் அவர்களை எதிர்த்தவர்கள். காரணம், எண்ணப்பட்ட தலைகளுக்கு ஏற்பப் பிரதிநிதிகள் சபையில் இடங்கள் கிடைக்கும். ஐந்தில் மூன்று என்பது இரு தரப்பும் எட்டிய சமரசம். 1790 மக்கள்தொகைக் கணக்கின்படி வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் சுதந்திரமாக வாழ்ந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அதன்பின் பென்சில்வேனியாவுக்கு 13 இடங்கள், வர்ஜீனியாவுக்கு 19. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, ஓட்டுரிமையும் கூலியும் இல்லாத 2,92,000 அடிமைகளின் தலைக்கணக்கில் வந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் எண்ணிக்கையும் இதையே பின்பற்றியது. தன்னைக் கட்டிவைத்தவனின் பலத்தைப் பெருக்கவே ஒரு மனிதன் எண்ணப்பட்டான்.

அடிமை இறக்குமதிக்குத் தடையிலிருந்து 1800 வரை விலக்களிக்கலாம் என்றுதான் ஒரு குழு முதலில் பரிந்துரைத்தது. தென் கரோலினாவின் பிங்க்னி அதை 1808 என்று நீட்டச் சொன்னார். அதை வழிமொழிந்தவர் வடக்கே உள்ள மாசசூசெட்ஸின் பேராளர். நியூ ஹாம்ப்ஷயரும் கனெக்டிகட்டும் ஆதரித்து வாக்களித்தன, வர்ஜீனியா எதிர்த்தது. ஆகவே தெற்கு குற்றவாளி, வடக்கு நிரபராதி என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்த நீட்டிப்பு வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. தென் கரோலினா 1803 இறுதியில் தன் துறைமுகத்தை மீண்டும் அடிமைக் கப்பல்களுக்குத் திறந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் சார்ல்ஸ்டனில் ஏறத்தாழ 40,000 பேர் இறக்கப்பட்டார்கள்.

இந்தச் சமரசத்துக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் பிரிந்து போயிருக்கும், அங்கே அடிமை முறை யாராலும் தொட முடியாததாக வேரூன்றியிருக்கும் என்பதே அது. அந்த மிரட்டல் எவ்வளவு உண்மையானது என்பது ஐயத்துக்குரியது. கிரீக் பழங்குடியினருடன் மோதலில் இருந்த ஜார்ஜியாவுக்கு ஒன்றியத்தின் படை தேவைப்பட்டது. 1788 ஜனவரி 2 அன்றே எதிர்ப்பின்றி அது சட்டத்தை ஏற்றுக்கொண்டது. மிரட்டல் உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. தன் நிலத்தையோ தன் வரியையோ விட்டுக்கொடுப்பவன் சமரசம் செய்கிறான். அந்த அவையில் இருந்தவர்கள் விட்டுக்கொடுத்தது, உள்ளே நுழைய முடியாத ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் வாழ்வை. அதற்கு அவர்களுக்கு உரிமை கொடுத்தவர் யார்?

வேறு வழியே இல்லாமல் பிறர் வாழ்வைப் பணயம் வைத்தவருக்கு ஒரு கடன் உண்டு. அந்த இழப்பைக் குறைக்க மிச்ச வாழ்நாளைச் செலவிடுவதே அது. பெஞ்சமின் பிராங்க்ளின் ஓரளவு அதைச் செய்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தும் 1787இல் சங்கத்தின் மனுவை அவையில் வைக்காமல் விட்டவர், 1790 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அடிமை ஒழிப்பு மனு ஒன்றில் கையொப்பமிட்டார். இரண்டு மாதத்தில் காலமானார். அந்த அவைக்குத் தலைமை வகித்த வாஷிங்டனோ, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் அரசியலமைப்பு விதிக்கு வலுவூட்டிய 1793 சட்டத்தில் கையொப்பமிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ் தப்பி, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்படி ஆள் அனுப்பியும் அவர் இணங்கவில்லை. 1848இல் இறக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடிய அடிமைதான். தன் உயிரின் மேல் பிறர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவர் ஏற்றதே இல்லை.

1854இல் அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் கேரிசன் அரசியலமைப்பின் பிரதியைப் பொதுக்கூட்டத்தில் எரித்தார். தாமே அடிமையாக இருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், முதலில் அவரோடு உடன்பட்டிருந்து, பிறகு அதே ஆவணத்தை விடுதலைக்கு ஆயுதமாக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். டக்ளஸின் வழியே பயன் தந்தது. ஆனால் அந்தப் பெருமை டக்ளஸுக்கும், அவரைப்போல் போராடியவர்களுக்கும், உள்நாட்டுப் போரில் மாண்டவர்களுக்கும் உரியது. 1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தை 1787இன் கணக்கில் வரவு வைப்பது நியாயமல்ல.

2011 ஜனவரி 6 அன்று பிரதிநிதிகள் சபையில் அரசியலமைப்பு உரக்க வாசிக்கப்பட்டது. பின்வந்த திருத்தங்களால் செல்லாதுபோன பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார்கள். ஐந்தில் மூன்று விதியும் அவற்றுள் ஒன்று. அதை எதிர்த்து உறுப்பினர் ஒருவர் குரல் எழுப்பினார். அவர் செய்தது சரி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விதியின் பலத்தில் இடங்கள் நிரப்பப்பட்டது அதே சபையில்தான். வேறெங்கு வாசிக்காவிட்டாலும், அங்கே அதை முழுமையாக வாசித்திருக்க வேண்டும்.