கடைசிச் சுற்று

2017 நவம்பரில் தொடங்கிய அந்தப் பனிக்காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பெண்கள் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகக் கோப்பை, 1500 மீட்டர். நெதர்லாந்தின் ஹேரன்வேனில் ஜப்பானின் மிஹோ தகாகி வென்றார். நார்வேயின் ஸ்டாவாங்கரிலும் அவரே. டிசம்பரில் கால்கரி, அடுத்த வாரமே சால்ட் லேக் சிட்டி. நான்கு ஊர், நான்கு வெற்றி.

*

400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. 500 மீட்டர்போல ஒரே மூச்சில் முடித்துவிட முடியாது. 5000 மீட்டர்போல அளந்து ஓடவும் நேரமில்லை. முதல் 300 மீட்டர் வேகம் கூட்டுவதிலேயே போய்விடும். அடுத்து வரும் முழுச் சுற்று 28 வினாடியை ஒட்டி முடியும். கடைசிச் சுற்று 30 வினாடியைத் தாண்டிவிடும். அதே கால், அதே ஐஸ். எனக்கு இந்தப் பந்தயமே அந்தச் சில வினாடி வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கடைசி வளைவில் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் இடது காலைத் தாண்டி விழுகிறது. குதிகால் தூக்கும்போது பிளேடு ஐஸை விடாமல் ஒரு கணம் ஒட்டியிருந்து, பிறகு ‘டக்’கென்று மேலே வந்து சேர்கிறது. களைத்த உடம்பு நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தால் காற்று மார்பில் அறையும். தொடை தீயாய் எரியும்போதும் குனிந்தே இருக்க வேண்டும். இதைவிடக் கடினமான பணிவை நான் பார்த்ததில்லை.

*

அந்த ‘டக்’ சத்தத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. குதிகாலில் பிளேடைப் பொருத்தாமல், முன்பாதத்தின் அடியில் மட்டும் கீல் வைத்த காலணி அது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் உருவாக்கியது. 1996-97 பருவத்தில் அதை நம்பிப் பெரிய பந்தயங்களில் இறங்கியவர்கள் நெதர்லாந்துப் பெண்கள். ஆண்கள் பிறகுதான் வந்தார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் மரியான் டிம்மர் 1500 மீட்டரை உலக சாதனையோடு வென்றார்: 1:57.58.

*

2018 பிப்ரவரி 12, கங்னுங். பியோங்சாங் ஒலிம்பிக்கின் 1500 மீட்டர். நெதர்லாந்தின் இரீன் வுஸ்ட் 1:54.35. தகாகி 1:54.55.

0.20 வினாடி. அவர்கள் போன வேகத்தில் கணக்குப் போட்டால் இரண்டரை மீட்டர் சொச்சம். ஒரு கட்டிலின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நான்கு வெற்றியையும் அந்த ஒரு மாலை அழித்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு உயரம், வெவ்வேறு ஐஸ். ஒவ்வொரு வாரமும் அந்தக் கடைசிச் சுற்றைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக் பதக்கம் கழுத்தில் தொங்கும். பருவம் முழுக்கக் காத்த நிதானத்தைத் தொங்கவிட இடமில்லை, அவ்வளவே வித்தியாசம்.

வுஸ்டின் வெற்றியும் சின்னதில்லை. 2006-இல் தொடங்கி 2022 பெய்ஜிங் வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றவர் அவர். பெய்ஜிங்கிலும் 1500 மீட்டரில் வுஸ்ட்தான் முதலிடம், தகாகிக்கு மறுபடியும் வெள்ளி.

*

தகாகி 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 15. 1500 மீட்டரில் 23-ஆவது இடம். 2014 சோச்சிக்கு அவரைத் தேர்வு செய்யவே இல்லை. அக்கா நானா மட்டும் போனார். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். யாரும் நேரம் குறித்துக்கொள்ளாத சுற்றுகள் எத்தனை ஓடியிருப்பார்!

2019 மார்ச் 10 அன்று சால்ட் லேக் சிட்டியில், காற்று மெலிந்த அந்த உயரத்தில், உலகக் கோப்பை இறுதிக் கட்டத்தில் தகாகி 1500 மீட்டரை 1:49.83-இல் முடித்தார். 1 நிமிடம் 50 வினாடிக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் பெண் அவர்.